நடுவில் ஐந்து கோப்பைக் காணோம்

வாசகர் கடிதம்:

அண்ணா, வணக்கம். காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லா வேலையையும் நான் ஒருவனே பார்க்கிறேன். எடைமேடை, விவசாயிகள் கணக்கு, டிரம் ஸ்டாக் எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸில் இருக்கின்றன. எல்லா எழுத்தும் விழும் பிரைமரி சர்வர் ஃபேக்டரியில், அதன் நகலை வைத்திருக்கும் மாற்று சர்வரான ஸ்டாண்ட்பை கிருஷ்ணகிரி டவுன் ஆபீஸில். டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் ஆர்க்கைவ் கோப்புகள் ஆபீஸில் இருக்கும் நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டி) போகின்றன. சிசிடிவி பதிவும் அதே பெட்டிக்குத்தான்.

ஜூன் 12 ராத்திரி, சீசன் உச்சத்தில், வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும்போது பிரைமரி செத்துப்போனது. ஸ்டாண்ட்பையை புரமோட் செய்தேன், அதாவது அதையே பிரைமரி ஆக்கினேன். பத்து நிமிடத்தில் எடை போட ஆரம்பித்துவிட்டோம். முதலாளி எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். பழைய சர்வர் மதர்போர்டு போய் ஸ்டோர் ரூமில் கிடக்கிறது.

21-ம் தேதி கணக்குப் பிரிவில் ஒருவர் பெங்களூரா ரகத்தின் விலையைத் திருத்தப் போய், நிபந்தனை போடாமல் அப்டேட் அடித்துவிட்டார். சீசன் தொடங்கியதிலிருந்து போட்ட அத்தனை சீட்டுக்கும் ஒரே விலை ஏறிவிட்டது. ஜூன் 1 எடுத்த முழு பேக்கப்பையும் ஆர்க்கைவையும் வைத்து, தப்பு நடப்பதற்கு முந்தைய நிமிடத்துக்குப் போகலாம் என்று ரீஸ்டோர் போட்டேன். 12-ம் தேதி இரவோடு நின்றுவிட்டது. கோப்பு இல்லை என்கிறது. கடைசியில் எடைச்சீட்டு கார்பன் காப்பிகளை வைத்துக்கொண்டு ஆறு பேர் நான்கு நாள் உட்கார்ந்து கையால் ஏற்றினோம்.

ஆர்க்கைவ் இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பிரைமரியிலிருந்து ஸ்டாண்ட்பைக்கு நகல் போகும் ரெப்ளிகேஷனும் ஒழுங்காக இருந்தது. அப்புறம் எங்கே ஓட்டை? சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் போட்டால் சரியாகிவிடுமா? நாஸ் பெட்டியில் உள்ள கோப்புப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

– பெயர் வேண்டாம், காவேரிப்பட்டினம்

பதில்:

தம்பி, மற்றதைப் படிப்பதற்கு முன் இரண்டு வேலை. ஜூன் 12-க்குப் பிறகு முழு பேக்கப் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால், அந்த ராத்திரிக்குப் பிறகு இன்று மதியம் வரை வந்து குவிந்த ஆர்க்கைவ் கோப்புகள் எல்லாம் இப்போதைய நிலையில் உங்களுக்கு எதற்கும் உதவாது. உடனே, இப்போதைய பிரைமரியிலிருந்து ஒரு முழு பேக்கப்பை ஓடவிட்டுவிட்டு வாருங்கள். இரண்டாவது, ஸ்டோர் ரூமில் கிடக்கும் அந்தப் பழைய சர்வரை யாரும் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடாமல், 'சும்மா கிடக்கிறதே' என்று புது ஓஎஸ் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தொலைத்தது பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

இப்போது பட்டியல். நீங்கள் அனுப்பியதில் அந்த ராத்திரிப் பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்தேன். 000000010000001200000051 வரை வரிசையாக வருகிறது. அதற்கு அடுத்து 00000002.ஹிஸ்டரி என்று ஒரு சின்னக் கோப்பு. பிறகு 000000010000001200000057.பார்ஷியல், அதாவது முழுசாக நிரம்பாத கோப்பு. அதற்குப் பிறகு 000000020000001200000057, 58, 59 என்று இன்றுவரை போகிறது. முன்னால் 1 என்று இருந்தது 2 ஆகிவிட்டதால், பட்டியலை மேலோட்டமாகப் பார்க்கிற யாருக்கும் அங்கே ஏதோ மாறியிருக்கிறது என்றுதான் தோன்றும். ஏதோ காணாமல் போயிருக்கிறது என்று தோன்றாது. கடைசி இலக்கங்களை மட்டும் பாருங்கள். 51-க்குப் பிறகு 57. நடுவில் 52, 53, 54, 55, 56 எங்கே? ஒவ்வொன்றும் 16 எம்பி, மொத்தம் 80 எம்பி. வாட்ஸப்பில் வரும் கல்யாண வீடியோவே இதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த 80 எம்பிக்காகத்தான் ஆறு பேர் நான்கு நாள் கார்பன் காப்பியோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள்.

ஏன் காணோம் என்பதற்கு, எழுத்து எந்த வழியில் போகிறது என்று பார்க்க வேண்டும். டேட்டாபேஸில் எந்த மாற்றம் நடந்தாலும் அது முதலில் வால் (ரைட்-அஹெட் லாக் என்பதன் சுருக்கம்) என்று நாங்கள் சொல்லும் லாக் கோப்பில் எழுதப்படும். (புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். பொருத்தமான பெயர்தான், பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடப்பதற்கு டேட்டாபேஸுக்கு அந்த வால்தான் இருக்கிறது.) இந்த வால் பிரைமரியிலிருந்து இரண்டு பாதையில் வெளியே போகிறது. ஸ்டாண்ட்பைக்குப் போகிற பாதை வாய்க்கால் மாதிரி, எழுத எழுத ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்க்கைவுக்குப் போகிற பாதை பால் கேன் மாதிரி, 16 எம்பி நிரம்பி மூடி போட்ட பிறகுதான் ஒரு கேன் வண்டி ஏறும். ஒரு கேன் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்தது கிளம்பும். இந்த இரண்டு பாதையும் ஒன்றை ஒன்று விசாரிப்பதே இல்லை. உங்கள் நாஸ் பெட்டி சிசிடிவி பதிவையும் வாங்கிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஃபேக்டரியில் ஐந்து கேன்கள் நிரம்பி வரிசையில் நின்றிருக்கின்றன. வாய்க்காலில் அதே தண்ணீர் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் சர்வர் செத்தது.

சரி, ஸ்டாண்ட்பையிடம் அந்த ஐந்தும் இருந்ததே, புரமோட் ஆன பிறகு அது ஏன் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது. உங்கள் செட்டிங்கில் ஆர்க்கைவ்_மோட் 'ஆன்' என்றுதான் இருக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் எப்போதும் ஆன் என்று தோன்றும். ஸ்டாண்ட்பையாக இருக்கும் வரை ஒரு சர்வர் எதையும் ஆர்க்கைவ் செய்யாது என்பதுதான் அதன் அர்த்தம். புரமோட் ஆன பிறகு தொடங்கும். ஆனால் தானே எழுதியதை மட்டும்தான் அனுப்பும். வாங்கி வைத்திருந்ததைத் தொடாது. அதுமட்டுமில்லை. ஸ்ட்ரீமிங்கில், அதாவது வாய்க்கால் வழியில், ஒரு கோப்பு முழுசாக வந்து சேர்ந்ததும், ஸ்டாண்ட்பை தன்னுடைய ஆர்க்கைவ்_ஸ்டேட்டஸ் ஃபோல்டரில் அதற்கு '.டன்' என்று முத்திரை குத்திவிடும். அனுப்பியாயிற்று, இனி அழிக்கலாம் என்று பொருள். யார் அனுப்பியது? யாரும் இல்லை. பிரைமரி அனுப்பியிருக்கும் என்ற நம்பிக்கை, அவ்வளவுதான். அப்புறம் செக்பாயின்ட் (வாலில் எழுதியதை டேட்டா கோப்புகளில் இறக்கி முடிக்கும் கட்டம்) வரும்போது அந்தக் கோப்புகள் சுழற்சியில் போய்விடும். இது கோளாறு இல்லை, போஸ்ட்கிரெஸின் ஆவணத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது: தொடர்ச்சியான ஆர்க்கைவ் வேண்டுமென்றால், ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லா வாலும் ஆர்க்கைவ் ஆகிவிட்டது என்று நீங்கள்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். வாய்க்கால் கேனுக்கு முன்னால் ஓடும்போது அதை எப்படி உறுதி செய்வது என்பது வேறு விஷயம்.

அந்த 1 எப்படி 2 ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்து ஆளுக்கு இது சீக்கிரம் புரியும். காவேரிப்பட்டினத்தில் ஒரு மாந்தோப்பு வாங்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். வக்கீல் மூலப்பத்திரம் கேட்பார். பழைய பத்திரத்தில் 'சேலம் மாவட்டம்' என்று இருக்கும். 1965-க்குப் பிந்தையதில் 'தருமபுரி மாவட்டம்'. 2004-க்குப் பிறகு எழுதியதில் 'கிருஷ்ணகிரி மாவட்டம்'. நிலம் அதேதான், தலைப்பு மட்டும் மாறியிருக்கிறது. எந்த வருஷம் எதிலிருந்து எது பிரிந்தது என்று தெரிந்தவர் மூன்றையும் ஒரே சங்கிலியாகப் படித்துவிடுவார். டைம்லைன் என்பது இந்த மாவட்டப் பெயர். ஒவ்வொரு முறை புரமோட் ஆகும்போதும் கோப்புப் பெயரின் முதல் எட்டு இலக்கம் ஒன்று கூடும். 00000002.ஹிஸ்டரி கோப்பைத் திறந்தால் ஒரே வரி இருக்கும்: 1 என்ற டைம்லைனிலிருந்து, 12/57003810 என்பது போன்ற ஒரு இடத்தில் பிரிந்தேன் என்று. அரசாணை மாதிரி. ஆகவே தலைப்பு மாறியதால் உங்கள் ரீஸ்டோர் நிற்கவில்லை. தலைப்பு மாறுவதற்குச் சற்று முந்தைய ஐந்து பத்திரங்கள் தொலைந்ததால் நின்றது. நடுவில் ஒரு பத்திரம் இல்லையென்றால் அதற்குப் பிந்தைய பத்து பத்திரத்தையும் வக்கீல் ஓரமாகத் தள்ளிவிடுவார் இல்லையா, போஸ்ட்கிரெஸும் அதே கண்டிப்புதான்.

ஒரு வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். 13-ம் பதிப்பிலிருந்து, நீங்கள் குறித்த நேரத்தை எட்டாமல் வால் தீர்ந்துபோனால் ரெக்கவரி பிழை காட்டி நின்றுவிடும். அதற்கு முந்தைய பதிப்புகள், கிடைத்தவரை ஓட்டிவிட்டு, 'ரெடி' என்று கதவைத் திறந்துவிடும். 12-ம் தேதி டேட்டாவை 21-ம் தேதி டேட்டா என்று நம்பி விவசாயிக்குப் பணம் போட்டிருப்பீர்கள்.

சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் பற்றிக் கேட்டீர்கள். அது வேறு நோய்க்கான மருந்து. கமிட் ஆன, அதாவது பதிவு உறுதியான எழுத்து ஸ்டாண்ட்பையிலும் போய் விழுந்தது என்று அது உறுதி சொல்லும். வாய்க்காலுக்குக் கரை கட்டுவது. கேன் போய்ச் சேர்ந்ததா என்று அது கேட்கவே கேட்காது. அன்றைக்கு சிங்க்ரனஸ் இருந்திருந்தாலும் இதே ஐந்து கோப்பு காணாமல் போயிருக்கும். தவிர, ஒரே ஒரு ஸ்டாண்ட்பையை வைத்துக்கொண்டு சிங்க்ரனஸ் போட்டால், ஆபீஸ் லைன் அறுந்த அன்றைக்கு எடைமேடையில் சீட்டு விழாது. சீசனில் அதை வேண்டவே வேண்டாம். யாராவது ஆர்க்கைவ்_டைம்அவுட்டை 60 விநாடியாகக் குறைக்கச் சொல்வார்கள். கேன் நிரம்பாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒன்று கிளம்பும், அவ்வளவே. பெட்டி மந்தமாக இருந்தால் வரிசை இன்னும் நீளும், ஒவ்வொரு கேனும் அரைகுறையாக இருந்தாலும் 16 எம்பி இடத்தைப் பிடிக்கும்.

இப்போது ஸ்டோர் ரூமுக்கு வருவோம். போனது மதர்போர்டுதான், டிஸ்க் அல்ல என்றால், அந்த ஐந்து கேனும் ஃபேக்டரி வாசலிலேயே நிற்கின்றன. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் மெஷினில் படிக்க மட்டும் என்ற முறையில் மவுன்ட் செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் அதன்மேல் போஸ்ட்கிரெஸை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அது எழுந்து ரெக்கவரி ஓட்டி, தன் பாட்டுக்கு 1-ம் டைம்லைனில் மேலே எழுத ஆரம்பித்துவிடும். ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் கார்டு) வழியாக இரண்டு டிஸ்க் போட்டிருந்தால் அதே மாதிரி கார்டு தேட வேண்டிவரும். ஓசூரில் கிடைக்காவிட்டால் பெங்களூரு எஸ்பி ரோட்டில் தேடுங்கள். வால் கோப்புகள் இருக்கும் பிஜி_வால் ஃபோல்டருக்குள் ஆர்க்கைவ்_ஸ்டேட்டஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் 52 முதல் 56 வரை '.ரெடி' என்று முடியும் கோப்புகள் இருந்தால், என் ஊகம் சரி, அவை நிரம்பி அனுப்பக் காத்திருந்தவை. மேலே வந்து அதே பெயருள்ள வால் கோப்புகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றும் சரியாக 16777216 பைட் இருக்க வேண்டும். வால் கோப்பைப் படித்துக் காட்டும் பிஜி_வால்டம்ப் கருவியில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். முழுசாகப் படித்து முடித்தால் நல்லது.

57-ஐத் தொடாதீர்கள். புதிய பிரைமரி பிரிந்துபோனது அந்தக் கோப்பின் நடுவில்தான். ஸ்டாண்ட்பைக்கு வந்து சேராத சில வரிகள் பழைய சர்வரின் 57-ல் இருக்கலாம், அது இப்போது வேறு கிளை. இன்னொன்று, 58, 59 என்று 1-ம் டைம்லைனிலேயே மேலும் நாலைந்து கோப்புகளைப் பார்த்து, 'அட, இவ்வளவு இருக்கிறதே' என்று ஏமாந்துவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் பழைய கோப்புகளைத் தூக்கிப் போடாமல், அடுத்து எழுதப்போகும் எண்ணைப் பெயராக வைத்து முன்கூட்டியே அடுக்கிவைக்கும். பெயர் புதிது, உள்ளே இருப்பது பழைய சரக்கு.

ஐந்து கோப்பும் கிடைத்தால் அவற்றை ஆர்க்கைவின் ஒரு நகலில் போட்டு, தனி மெஷினில் ஜூன் 1 பேக்கப்பிலிருந்து 21-ம் தேதி அந்த அப்டேட்டுக்கு முந்தைய நிமிடம் வரை ஓட்டுங்கள். பணம் போட்டாயிற்று, இனி எதற்கு என்று நினைக்காதீர்கள். நான்கு நாள் தூக்கமில்லாமல் ஆறு பேர் கையால் ஏற்றியது. கார்பன் காப்பியில் 3-ம் 8-ம் ஒரே மாதிரிதான் தெரியும். மீட்ட டேபிளையும் கையால் ஏற்றியதையும் சீட்டு எண் வைத்து ஒப்பிட்டால், எந்த விவசாயிக்குக் குறைந்தது, யாருக்குக் கூடியது என்று ஒரு பட்டியல் வந்துவிடும். மாங்காய் விலை ஏற்கெனவே வருஷா வருஷம் சண்டை. நீங்களே முந்திக்கொண்டு போய்ச் சொல்வது நல்லது.

இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது? ஆர்க்கைவ்_மோடில் 'ஆல்வேஸ்' என்று மூன்றாவது ஒரு மதிப்பு இருக்கிறது, 9.5-ம் பதிப்பில் வந்தது. அதைப் போட்டால் ஸ்டாண்ட்பையும் தனக்கு வந்த கோப்புகளை முறையாக ஆர்க்கைவ் செய்யும்; '.டன்' என்று பொய் முத்திரை குத்தாது. உங்கள் ஓட்டையை அடைப்பது இதுதான். ஆனால் எங்கே அனுப்புவது என்பதில் யோசிக்க வேண்டும்.

இரண்டு சர்வரும் ஒரே நாஸ் ஃபோல்டருக்கு அனுப்பலாம். அப்போது ஒரே பெயருள்ள கோப்பு இரண்டு முறை வரும். கோப்பை அனுப்பும் ஆர்க்கைவ் ஸ்கிரிப்ட் என்ன செய்ய வேண்டும்? இருக்கும் கோப்பும் வரும் கோப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் 'சரி, முடிந்தது' என்று பூஜ்யம் திருப்ப வேண்டும். வேறாக இருந்தால் மேலெழுதாமல் பிழை திருப்ப வேண்டும். இரண்டு சர்வரும் ஒரே நொடியில் வந்தாலும் குழம்பக் கூடாது. அதற்குத் தற்காலிகப் பெயரில் எழுதி, டிஸ்க்கில் இறக்கி, கடைசியில் ஹார்ட் லிங்க்காக (அதே கோப்புக்கு இன்னொரு பெயராக) பெயர் வைக்க வேண்டும். ஏனென்றால் பெயர் மாற்றும் கட்டளை இருப்பதைச் சத்தமில்லாமல் மூடிவிடும், லிங்க் போட்டால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று மறுக்கும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம். பிஜிபேக்ரெஸ்ட் என்ற பேக்கப் கருவி 'ஆல்வேஸ்' என்றாலே இயல்பாக ஏற்க மறுக்கிறது. காரணமும் சொல்கிறது: ஸ்டாண்ட்பை அனுப்பும் கோப்பு பொருளில் ஒன்றாக இருந்தாலும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வேறாக வரலாம். அப்படி வந்தால் உங்கள் ஸ்கிரிப்ட் இல்லாத மோதலைப் பார்த்துக் கத்தும், ஸ்டாண்ட்பையில் கோப்புகள் தேங்கும், டிஸ்க் நிரம்பும்.

தனி ஆளாக வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்வது, ஆளுக்கொரு ஆர்க்கைவ். பிரைமரி இப்போதைய இடத்துக்கு அனுப்பட்டும். ஸ்டாண்ட்பை வேறொரு டிஸ்க்குக்கு, முடிந்தால் வேறொரு கட்டடத்துக்கு அனுப்பட்டும். நாளை பதவி மாறினாலும் ஒவ்வொரு சர்வரும் தன் இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். யார் பிரைமரி என்ற விஷயமே ஸ்கிரிப்டுக்குத் தெரிய வேண்டாம். ரீஸ்டோர் செய்யும்போது மட்டும், முதலில் இந்த ஃபோல்டரில் தேடு, இல்லையென்றால் அந்த ஃபோல்டரில் தேடு என்று கட்டளை எழுதினால் போதும். இடம் இரண்டு மடங்கு ஆகும். சீசனில் நாளைக்கு 250 கோப்பு என்று வைத்தாலும் 4 ஜிபிதான். சுருக்கி வைத்தால் இன்னும் குறையும். ஒரு டிராக்டர் மாங்காய் விலையில் வருஷக்கணக்குக்கு டிஸ்க் வாங்கிவிடலாம். மோடை மாற்ற ரீஸ்டார்ட் தேவை. ஸ்டாண்ட்பையில், அதைப் புதிதாகக் கட்டும்போதே செய்துவிடலாம், யாருக்கும் தெரியாது. பிரைமரியை ஆடியில் ஃபேக்டரி ஓய்ந்ததும் செய்யுங்கள்.

அதோடு ஸ்டாண்ட்பையில் வால்_கீப்_சைஸ் என்ற மதிப்பை 2 ஜிபி வையுங்கள். கடைசி 128 கோப்பு எப்போதும் கையில் இருக்கும். அன்றைக்கு இது இருந்திருந்தால், மறுநாள் காலையில் ஐந்து கோப்பையும் கையால் நகல் எடுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம்.

பிஜி_ரிசீவ்வால் என்று இன்னொரு வழியும் உண்டு. மூன்றாவது ஒரு மெஷின், தானும் ஒரு ஸ்டாண்ட்பை மாதிரி வாய்க்காலிலேயே வாய் வைத்து வாலை வாங்கிக் கோப்பாக எழுதிக்கொள்ளும். கேன் நிரம்பும்வரை காத்திருக்காது. பார்மன் என்ற பேக்கப் கருவி இதை வைத்தும் வாங்கிக்கொள்ளும். நல்ல முறை. ஆனால் ஃபெயில்ஓவரின்போது, அதாவது பிரைமரி பதவி கை மாறும்போது, அதைப் புதிய பிரைமரியின் பக்கம் திருப்ப வேண்டும், அங்கே ஸ்லாட் (எதுவரை வாங்கியாயிற்று என்று பிரைமரி வைத்திருக்கும் குறிப்பு) இருக்காது, புதிதாக உண்டாக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு இதெல்லாம் ஞாபகம் வருமா என்று யோசித்துக்கொண்டு முடிவெடுங்கள்.

எந்த வழியானாலும் ஸ்கிரிப்டின் கடைசி வரியைப் பாருங்கள். நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆர்க்கைவ் ஸ்கிரிப்ட் எழுதினேன். கோப்பை நகல் எடு. அடுத்த வரியில், 'இன்ன கோப்பு போய்விட்டது' என்று லாக்கில் ஒரு வரி எழுது. அழகாக ஓடியது. இரண்டு மாதம் கழித்து ஆர்க்கைவ் டிஸ்க் நிரம்பியது, நகல் எடுப்பது தோற்றது, ஆனால் லாக் எழுதும் வரி வெற்றி. ஸ்கிரிப்டின் முடிவு என்பது கடைசி வரியின் முடிவுதானே? பூஜ்யம் திரும்பியது. போஸ்ட்கிரெஸும் நம்பி ஒவ்வொரு கோப்பாக அழித்துக்கொண்டே வந்தது. பதினொரு நாள். லாக்கைத் திறந்தால் எல்லாக் கோப்பும் 'போய்விட்டது' என்று எழுதியிருந்தது. ஒரு விதத்தில் உண்மைதான், போய்த்தான் விட்டன. அன்றிலிருந்து நகல் எடுக்கும் வரி தோற்றால் அங்கேயே வெளியேறு என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவேன்.

புரமோட் செய்யும் நேரத்துக்கு ஒரு காகிதத்தில் எழுதி சர்வர் ரேக்கில் ஒட்டிவையுங்கள். பழைய பிரைமரிக்கு உயிர் இருந்தால் முதலில் அதை முறையாக ஷட்டவுன் செய்ய வேண்டும். ஒழுங்காக நிறுத்தினால் தேங்கியதை அனுப்ப முயன்றுவிட்டுத்தான் அது அடங்கும். உயிர் இல்லையென்றால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும், கரண்ட் வந்து தானாக எழுந்து இரண்டு பேரும் பிரைமரி என்று உட்கார்ந்தால் கதை கந்தல். பிறகு, புரமோட் அடிப்பதற்கு முன், ஸ்டாண்ட்பையின் பிஜி_வால் ஃபோல்டரை அப்படியே ஒரு நகல். இரண்டு நிமிடம்கூட ஆகாது. டிராக்டர்காரர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். புரமோட் ஆகி எடைமேடை ஓடத் தொடங்கியதும், பிரியாணிக்கு முன், முழு பேக்கப். பழைய பிரைமரியின் பிஜி_வாலைக் காப்பாற்றி எடுக்கும்வரை அதன்மேல் பிஜி_ரிவைண்ட் (பழைய சர்வரைப் புதிய பிரைமரியோடு ஒத்துப்போக மாற்றும் கருவி) ஓட்டக் கூடாது, புதிதாகக் கட்டவும் கூடாது.

தினசரி சோதனைக்கு பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர் என்ற வியூவைப் பார்க்கச் சொல்வார்கள். பாருங்கள், ஆனால் அது எத்தனை போனது, எத்தனை தோற்றது, கடைசியாகப் போனது எது, தோற்றது எது என்றுதான் சொல்லும். உங்கள் விஷயத்தில் எதுவும் தோற்கவே இல்லையே. அனுப்ப முயலவே இல்லை. ஆகவே ஆர்க்கைவ் ஃபோல்டரில் இருக்கும் பெயர்களை எண்ணிப் பார்க்கும் ஒரு ஸ்கிரிப்டும் வேண்டும். முதல் எட்டு இலக்கத்தை ஒதுக்கிவிட்டு மீதிப் பதினாறு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது. எண்கள் ஹெக்ஸ் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட) முறையில் இருக்கும், 59-க்குப் பிறகு 60 வராது, 5ஏ வரும். கடைசிப் பகுதி எஃப்எஃப் வரை போய் மீண்டும் 00 ஆகும், நடுப் பகுதி ஒன்று கூடும். இதை மறந்து எழுதினால் அடிக்கடி பொய் எச்சரிக்கை வரும், மூன்றாவது வாரம் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள். 9.3-க்கு முந்தைய பதிப்புகளில் எஃப்எஃப் என்ற எண்ணே வராது, தாண்டிப் போய்விடும். அந்தக் காலத்து ஸ்கிரிப்டை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டினால் இதையும் கவனியுங்கள். வால்-ஜி என்ற பேக்கப் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொடர்ச்சியைச் சோதிக்கும் கட்டளை உள்ளேயே இருக்கிறது.

ஆடிப்பெருக்குக்கு ஃபேக்டரியில் பாதிப் பேர் ஒகேனக்கல் போய்விடுவார்கள். அந்த வாரம் ஒரு பழைய மெஷினில், புதிய பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு தேதி, ஒரு நேரம் குறித்து ரீஸ்டோர் போட்டுப் பாருங்கள். அதற்கு முன் வேண்டுமென்றே ஒரு ஃபெயில்ஓவர் நடத்தி, குறிக்கும் நேரம் அதற்குப் பிந்தியதாக இருக்கட்டும்.

டிஸ்க்கைக் கழற்றும்போது எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று மார்க்கரால் எழுதி ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். ஆர்க்கைவ்_ஸ்டேட்டஸ் ஃபோல்டரைத் திறந்ததும் அதில் உள்ள பெயர்ப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். ஒருவேளை 52-க்கும் முந்தைய எண் ஏதாவது '.ரெடி' என்று இருந்தால் எதையும் நகர்த்தாமல் நிறுத்திக்கொள்ளுங்கள்; அப்படியென்றால் நாஸ் பெட்டியில் இருக்கும் 51 முழுசாக இறங்கியதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.